செட்டுக்கும் வெடிக்கும் நடுவில்

நான்காவது லேனில் குனிந்து ஸ்டார்ட்டிங் பிளாக்கைக் குதிகாலால் அழுத்திக்கொண்டிருந்த இசக்கியம்மாள் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், பார்க்காத வரைக்கும் நல்லதுதான் என்று ஞானதுரை நினைத்துக்கொண்டார். ஆனால் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. கண்ணைக் குத்துகிற சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு, முழங்கால் உயர மேடைமேல் ஏறி நிற்கிற ஆள் கண்ணில் படாமல் போக வழியில்லை. அப்படியானால் பார்த்துவிட்டுத்தான் பார்க்காமல் இருக்கிறாள். மற்ற ஏழு பெண்களும் ஆளுக்கொரு தரம் அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கிறவன் முகத்தைப் பார்த்துவைத்துக்கொள்வது ஓடுகிற எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். அவசரக்காரனா, நிதானக்காரனா, செட் சொல்லிவிட்டு உடனே வெடிப்பானா, கொஞ்சம் இழுப்பானா என்று முகத்தில் தேடுவார்கள். அதையும் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஸ்டார்ட்டர் கையைப் பார்க்காதே பிள்ள, தொண்டையைப் பார், மூச்சு இழுத்தான்னா சொல்லப்போறான்னு அர்த்தம் என்று பள்ளிக்கூட மைதானத்தில் விடியற்காலையில் நின்று கத்தியிருக்கிறார். இன்றைக்கு அந்தத் தொண்டை அவருடையது. அதை மட்டும் பார்க்க மாட்டாளாக்கும்.

மாநிலப் போட்டியில் பெண்கள் நூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு உண்மையில் சவரிமுத்துதான் ஸ்டார்ட்டர். காலையில் பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டியபோது ஞானதுரை இசக்கியின் பெயரைப் பார்த்தார், பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார், டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, உமக்கு வெயில் ஒத்துக்கிடாது, சாயங்காலம் பொம்பளப் பிள்ளைகள் நூறு மீட்டரை நான் பாத்துக்கிடுதேன் என்றார். சவரிமுத்துவுக்கு இசக்கியையும் தெரியும், இவரையும் தெரியும். சரி என்றார். பெருந்தன்மையாக நினைத்திருப்பார் பாவம், பழைய சிஷ்யப் பிள்ளையின் ஓட்டத்தைத் தன் கையால் தொடங்கிவைக்க ஆசைப்படுகிறார் என்று. இப்போது வெடிக்கு முன்னால் பாய்கிறவர்களைப் பார்க்கிற உதவி ஸ்டார்ட்டராக எதிர்ப்பக்கம் நிற்கிறார், வாயில் விசிலோடு. ஞானதுரை இதைத் திட்டம் என்று தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. திட்டம் என்றால் அதில் ஏதாவது தப்பு இருக்க வேண்டும். இதில் என்ன தப்பு? செட் என்று சொன்னதும் எட்டுப் பேரும் இடுப்பைத் தூக்கி அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகு வெடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் கழித்து என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை, ஸ்டார்ட்டரின் மனசு. வெடிக்கு முன்னால் அசைந்தவள் வெளியே. முன்பெல்லாம் முதல் தடவைக்கு எச்சரிக்கையோடு விடுவார்கள்; இப்போது அதெல்லாம் கிடையாது. இங்கே பிளாக்கில் மின்சாரக் கருவி எதுவும் இல்லை, கண்தான். அவர் கண்ணும் சவரிமுத்துவின் கண்ணும். கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவைத்தால் போதும். இன்னும் ஒருத்தி அடங்கவில்லை, அதனால் காத்திருந்தேன் என்றால் யார் மறுக்கப்போகிறார்கள்? அந்தக் கூடுதல் நேரத்தில் இசக்கியின் இடது கை மோதிரவிரல் துடிக்கும். அது துடித்தால் தோள் முன்னால் போகும். தோள் போனால் அவள் போவாள். இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அவள் மோதிரவிரலை அவர் எவ்வளவு காலம் பார்த்திருக்கிறார். தரையில் குப்புறப் படுத்து, கன்னம் மண்ணில் பட, அந்த விரலையே பார்த்துக்கொண்டு செட் செட் என்று சொல்லியிருக்கிறார். போகிறவர்கள் சிரித்தார்கள். பி.டி. சாருக்கு என்னமோ ஆகிவிட்டது, மண்ணில் படுத்து எறும்பு பார்க்கிறார் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. பேசட்டும் என்று விட்டார். சொந்த மகன் எந்த வகுப்புக்குப் போகிறான் என்று கேட்டால் ஒரு விநாடி யோசிப்பார், இசக்கியின் இரண்டு காலில் எது பலமான கால், எந்தக் குதிகாலில் வெடிப்பு என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். அவர் மனைவி தினமும் முட்டை அவித்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவாள்; ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை, ஒரே ஒரு தடவை மட்டும், அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காள்லா என்று கேட்டாள். இருந்தாள். வாழைத்தார் ஏற்றுகிற லாரிப்பேட்டையில் வேலை பார்க்கிற அம்மா. பிள்ளை ஓடினால் என்ன, ஓடாவிட்டால் என்ன என்று இருந்தவள். அவளிடமிருந்து பிடுங்கித்தான் அவர் இவளைக் கொண்டுவந்தார். முடியைக் கத்தரிக்கச் சொன்னார், கத்தரித்தாள். அக்கா கல்யாணத்தன்று பயிற்சிக்கு வரச் சொன்னார், பட்டுப்பாவாடைக்கு மேல் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்து ஓடிவிட்டுப் போனாள். அப்போதெல்லாம் அவள் எதையும் கேட்டதில்லை. கேட்காமல் செய்தாள் என்பதை அவர் பெருமையாக ஊரெல்லாம் சொன்னார். பிறகு ஒருநாள் கேட்காமலே போய்விட்டாள். சென்னையில் ஹரீஷ் என்று ஒரு கோச்சின் அகாடமியில் சேர்ந்துவிட்டதாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். வேன் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அதைக்கூட விழுங்கிக்கொண்டார். விழுங்கமுடியாதது சலூனில் நடந்தது. கழுத்தில் துணி கட்டி, முகத்தில் பாதி சோப்போடு உட்கார்ந்திருந்தார். மூலையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, குரல்தான் முதலில் கேட்டது, கேட்டதும் உடம்பு அவரை அறியாமல் நிமிர்ந்தது. முடி வளர்த்திருந்தாள். கழுத்தில் மெடல். பேசிய தமிழ்கூட வேறாக இருந்தது, இருக்கேன், ஓடறேன், வந்துட்டேன் என்று சென்னைக்காரிபோல. யார் உங்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது என்று மைக்கை நீட்டியவள் கேட்டாள். ஸ்கூல்ல சும்மா ஓடிக்கிட்டு இருந்தேன், ரன்னிங்னா என்னன்னு ஹரீஷ் சார்கிட்ட வந்தப்புறம்தான் தெரிஞ்சுது என்றாள் இசக்கி. சும்மா. சவரக்கத்தி அவர் தாடையில் நின்றுவிட்டது. சலூன்காரர் டி.வி.யை நிறுத்தவில்லை, நிறுத்தினால் இவருக்காக நிறுத்தியதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தி மறுபடி இறங்கியது. அந்த மரியாதைதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்று அதிலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இரவு படுக்கையில் கிடந்து அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் புரட்டியிருக்கிறார். சும்மா ஓடினாளாம். மண்ணில் கன்னம் வைத்துப் படுத்தது சும்மா. கல்யாண வீட்டிலிருந்து ஓடிவந்தது சும்மா. நன்றி வேண்டாம், பெயர் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு நகர்ந்திருந்தால் போதுமே. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கும்போதெல்லாம் நினைப்பு போய் நிற்கிற இடம் ஒன்று இருந்தது. மண்டலப் போட்டி. அவளுக்குப் பதினைந்து வயது. விரல் துடித்தது, தோள் போனது, வெடிக்கு முன்னால் பாய்ந்துவிட்டாள், வெளியே அனுப்பிவிட்டார்கள். தலைகுனிந்து அவரிடம் வந்தாள். அவர் கை. பட்டது. தட்டியதுதான், கோபத்தில், எல்லாக் கோச்சும் செய்கிறதுதான். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள் என்றால் சத்தம் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அங்கே எப்போதும் சத்தம்தானே. அவள் அழவில்லை. குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அதற்கப்புறமும் இரண்டு வருஷம் அவரிடம்தானே இருந்தாள்? மனசில் ஏதாவது இருந்தால் இருந்திருப்பாளா? அந்த இரண்டு வருஷத்தில் அவர் மண்ணில் படுத்து அவள் விரலைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்க்க ஏனோ கூச்சமாக இருந்தது. தூரத்தில் நின்று விசில் ஊதுவதோடு சரி. அதெல்லாம் இப்போது எதற்கு. காற்று குறைந்துவிட்டது. கொடி தொங்குகிறது. முடிவுக்கோட்டுப் பக்கம் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது, அங்கே எல்லாரும் தயார்.

ஆன் யுவர் மார்க்ஸ் என்றார். குரல் நன்றாக வந்தது, நடுக்கமில்லாமல், கொஞ்சம் கனிவாகக்கூட. எட்டுப் பேரும் இறங்கினார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். இசக்கி கைகளை உதறி, விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் பாலம்போல ஊன்றினாள்; அந்த ஊன்றல் அவருடையது, கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் அந்த இடைவெளி அவர் ஸ்கேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஹரீஷ் அதை மாற்றவில்லை. மாற்றத் தெரியாது அவனுக்கு. ஜெயிக்கிறவளுக்கு நூறு மீட்டரில் தேசியப் போட்டிக்கு இடம், இரண்டாவது வருகிறவளுக்கு ரிலேயில் மட்டும்தான். இவள் வயதுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்குமா என்பதும் சந்தேகம். அதுவும் அவருக்குத் தெரியும். செட் என்றார். இடுப்புகள் எழுந்தன. துப்பாக்கி வானத்தைப் பார்த்தது. எல்லாரும் அடங்கிவிட்டார்கள், இதுதான் வெடிக்க வேண்டிய நேரம், இந்த நேரத்தை அவர் உடம்பு அறியும், விரல் தானாக வளையப் பார்த்தது, வேண்டாம் என்று பிடித்துக்கொண்டார். மைதானம் முழுக்கச் சத்தம் அடங்கியது. மோதிரவிரல். அவர் அதை மட்டும்தான் பார்த்தார். துடி. துடிக்கத்தானே போகிறாய். சலூனில் கத்தி என் தாடையில் நின்றதே அவ்வளவு நேரம் நில், பார்க்கலாம், எவ்வளவு நேரம் நிற்பாய், உன்னை எனக்குத் தெரியும், உன் உடம்பை உன்னைவிட எனக்குத் தெரியும். விரல் அசையவில்லை. கல்லில் செதுக்கியதுபோல இருந்தது. நகத்தில் வெளிறிய சிவப்புச் சாயம். அதுகூட அவருக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம். சவரிமுத்துவின் தலை தன் பக்கம் திரும்புவது ஓரக்கண்ணில் பட்டது. இன்னும் கொஞ்சம், ஒரு துளி, விரல் எங்கே, துடிப்பு எங்கே, யார் அதை நிறுத்தினார்கள், எப்போது நின்றது அது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது லேனில் யாரோ முன்னால் விழுந்தார்கள். அவர் சுட்டார். சவரிமுத்து விசில் ஊதி எல்லாரையும் நிறுத்தினார்.

ஐந்தாவது லேன் பெண்ணின் பெயர் ஜெபமலர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளை, பெரியவர்களோடு ஓடி இறுதி ஓட்டம் வரைக்கும் வந்துவிட்டதே பெரிய பேச்சாக இருந்தது அன்று. கைகளைத் தரையில் ஊன்றியபடி அப்படியே கிடந்தாள். ஞானதுரை மேடையிலிருந்து இறங்கிப் போய் அவள் முன்னால் சிவப்பு அட்டையைக் காட்டினார். அவளைப் பார்த்துக் காட்டவில்லை, லேன் எண்ணைப் பார்த்துக் காட்டினார். அவள் எழுந்து, முழங்காலில் ஒட்டியிருந்த துகளைத் தட்டிவிட்டு, அவரைப் பார்த்து, சாரி சார் என்றாள். தப்பு என்மேலதான் சார், அவசரப்பட்டுட்டேன். சொல்லிவிட்டு லேனைத் தாண்டிப் போனாள். அவர் மேடைக்குத் திரும்பினார். இரண்டாவது தடவை பிடித்துவைக்கவில்லை, எல்லாரும் அடங்கியதும் வெடித்துவிட்டார். இசக்கி ஜெயித்தாள். அவள் ஓடியது அவர் கண்ணில் சரியாகப் பதியவில்லை. அந்த விரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவர் அறிந்திருந்த இசக்கி அந்த உடம்பில் இல்லை. மண்டலப் போட்டிக்கு முந்தைய நாளோடு அவருடைய பாடம் முடிந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சலூனிலிருந்த மற்றவர்களுக்கும் தெரிந்ததுதான்.

ஜெபமலரின் டீச்சர் விடவில்லை. தலைமை நடுவரிடம் போய், செட்டில் பிள்ளைகளைக் காயப்போட்டுவிட்டார் உங்கள் ஸ்டார்ட்டர், யாராயிருந்தாலும் விழத்தான் செய்வார்கள் என்று மறுப்புத் தெரிவித்தாள். நடுவர் சவரிமுத்துவைக் கேட்டார். சவரிமுத்து விசிலைத் துடைத்தபடி, கொஞ்சம் நீளம்தான், ஆனால் ஸ்டார்ட்டர் மனசில் என்ன இருந்ததென்று நான் சொல்லக்கூடாது, அவரையே கேளுங்கள் என்றார். ஞானதுரையைக் கூப்பிட்டார்கள். தொடக்கம் உம்முடைய தப்பு என்றால் அட்டை செல்லாது, ஓட்டமும் செல்லாது, எட்டுப் பேரும் மறுபடி ஓட வேண்டும். தப்பில்லை என்றால் இத்தோடு விட்டுவிடலாம் என்றார் நடுவர். விட்டுவிடத்தான் அவருக்கு விருப்பம், அது முகத்திலேயே தெரிந்தது. தப்பில்லை என்று சொல்ல ஞானதுரை வாயைத் திறந்தார். திறந்தபோதுதான் அது உறைத்தது. உண்மையைச் சொன்னால் இசக்கியின் வெற்றி போய்விடும். காலையில் தகுதி ஓட்டம், பிறகு அரையிறுதி, இப்போது இறுதி. இனி ஒன்று ஓட அவள் காலில் என்ன இருக்கும்? துப்பாக்கியால் முடியாததை ஒரே ஒரு உண்மை செய்துவிடும். அதுவும் நல்லவன் என்ற பெயரோடு. அந்தச் சின்னப் பிள்ளைக்கு நியாயம் செய்ததாகவே ஊர் பேசும். இனிப்பு ஒன்று தொண்டைக்குள் இறங்கியது, அதே நேரத்தில் சாரி சார் என்ற குரலும் கேட்டது, எது தன் நாக்கைத் தள்ளுகிறது என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பிரிக்க முடியாத வரைக்கும் பேசக்கூடாது என்று நின்றார். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பின்னாலிருந்து வந்து பக்கத்தில் நின்றவள் இசக்கி. தோளில் துண்டு, உதட்டோரம் உப்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினாள், சென்னைத் தமிழில் இல்லை.

“எனக்கு விரிச்ச வலை அந்தப் பிள்ள மேல விழுந்துட்டு சார். சொல்லிருங்க. நான் திரும்ப ஓடுதேன்.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செட்டில் குனிந்திருந்த அந்த நேரம் முழுக்கத் தெரிந்தே நின்றிருக்கிறாள், தெரிந்துதான் கல்லாக நின்றிருக்கிறாள். அவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, ஆத்திரம்தான். இதையும் கொடுக்கிறாயா? என் கையிலிருந்து நானே எடுத்து உன்மேல் போட இருந்ததை நீயே வாங்கி உன்மேல் போட்டுக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம்? சரி, கேட்டாய் அல்லவா, வாங்கிக்கொள் என்று நினைத்தார். வேண்டுமென்றே பிடித்தேன் என்றார் நடுவரிடம், தெளிவாக, சவரிமுத்துவுக்கும் டீச்சருக்கும் கேட்கும்படி. எல்லாரும் அடங்கின பிறகும் பிடித்தேன், அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை. நடுவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கோட்டைக் கழற்றச் சொன்னார். துப்பாக்கியைச் சவரிமுத்து வாங்கிக்கொண்டார், அதைக் கொடுக்கும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே போய்ப் பார்வையாளர்களோடு நின்றார் ஞானதுரை. பனியன் முதுகில் ஒட்டியிருந்தது. இனி எந்தப் போட்டிக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் நாளைக்குள் சேதி போய்விடும், ஆசிரியர் அறை மறுபடி ஒருநாள் பேசாமல் இருக்கும்.

கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு எட்டுப் பேரையும் மறுபடி நிறுத்தினார்கள். சவரிமுத்து எல்லாரையும் ஒரே சீராக அனுப்பினார். இசக்கியின் தொடக்கம் அழகாக இருந்தது, மற்றவர்கள் நிமிர்வதற்குள் ஒரு கை தூரம் வந்துவிட்டாள், தோற்றுப்போ என்று ஞானதுரை மனசுக்குள் சொன்னார், கண்ணை எடுக்காமல் சொன்னார், பாதி தூரத்தில் அவள் தலை மெல்ல மேலே எழுந்தது, இடுப்பு இறங்கியது, ஓரத்து லேனிலிருந்து கோயம்புத்தூர்க்காரப் பெண் ஒருத்தி நெருங்கி வந்துகொண்டே இருந்தாள், கோட்டில் இரண்டு மார்பும் ஒன்றாகச் சாய்ந்தன. ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். இசக்கி இரண்டாவது. ஜெபமலர் கடைசிக்கு முந்தினவள். அவள் முடிவுக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல் வளைவுவரை ஓடிப்போய்த்தான் நின்றாள். ஞானதுரைக்கு இனித்தது. பொய் சொல்வதற்கில்லை, இத்தனை வருஷம் நினைத்திருந்தது போலவே இனித்தது, வயிற்றுக்குள் சூடாக இறங்கியது. இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூளை தன் வேலையைத் தொடங்கிவிட்டது. களைப்பு மட்டும் இல்லை. இடது கை குறுக்கே போகிறது. மார்பைத் தாண்டி வலது பக்கம் வருகிறது, அதனால்தான் இடுப்பு முறுகுகிறது, தலை எழுகிறது. முன்பு இப்படிக் கிடையாதே, ஹரீஷ் கவனிக்கவில்லையா, கண் எங்கே வைத்திருக்கிறான், பத்து நாளில் சரிபண்ணிவிடலாம் இதை. தன் இடது கை வேலிக்கம்பிமேல் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருப்பதைப் பக்கத்தில் நின்ற ஆள் பார்த்த பிறகுதான் அவர் பார்த்தார்.

வேலியோரம் வைத்திருந்த பையை எடுக்க இசக்கி வந்தாள். அவரைப் பார்த்ததும் ஒதுங்கவில்லை, நிற்கவும் இல்லை. பையைத் திறந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். அவர் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது, சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

“இடது கை குறுக்க போவுது” என்றார்.

“தெரியும் சார்.”

பாட்டிலை மூடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வளைவுப் பக்கம் நடந்தாள். அங்கே ஜெபமலர் புல்லில் உட்கார்ந்து காலணிக் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இசக்கி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று இங்கே கேட்கவில்லை. சின்னவள் முதலில் தலையாட்டினாள், பிறகு சிரித்தாள். ஞானதுரை வேலியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஆளுக்குப் பேச்சுக்கொடுக்கத் தோன்றியிருக்க வேண்டும். அந்த ரெண்டாவதா வந்த பொண்ணு உங்க பிள்ளையா சார் என்று கேட்டார்.

“இல்ல” என்றார் ஞானதுரை. “நான்தான் அவளத் தோக்கடிச்சேன்.”

சொன்ன குரலில் சந்தோஷம் இருக்கிறதா என்று அவரே காதுகொடுத்துக் கேட்டார். இருந்தது. அந்த ஆள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.